அறுபது வெள்ளை மாத்திரைகள்

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி வந்தது தவறு. ஆனால் நான் சொன்ன விஷயம் தவறில்லை. இரண்டையும் நீ குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் தனித்தனி வாக்கியமாக எழுதியிருக்கிறேன்.

விடுதியில் போன் பேசுவதற்கு வார்டன் மேசைக்குத்தான் போக வேண்டும். பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். அதோடு நான் விழித்திருக்கும்போது நீ தூங்குகிறாய், நீ விழிக்கும்போது எங்களுக்கு விளக்கணைக்கும் மணி அடித்துவிடுகிறது. கடிதம்தான் நமக்குச் சரி.

விடுமுறையின் கடைசி நாளில், "ரெண்டு பக்கம் படிச்சுட்டு எனக்கு வைத்தியம் பார்க்க வந்துட்டியா?" என்று கேட்டாய். இரண்டு பக்கம் இல்லை, ஐந்து அத்தியாயம். எங்கள் நூலகத்தில் ஹார்மோன்களைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. நீ கோபத்தில் முழுவதும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மூளைக்குள் பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு சுரப்பி இருக்கிறது. பெயர் பினியல். இருட்டியதும் அது மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. பொழுது சாய்ந்துவிட்டது என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுவது அதுதான். இரவு வேலை முடிந்து பகலில் தூங்குவதற்காக நீ போடும் மாத்திரையும் அதே மெலடோனின்தான். ஹாம்ஸ்டர் என்ற கொழுத்த எலிகளுக்குத் தினமும் சாயங்காலம் மெலடோனின் ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சில வாரங்களில் அவற்றின் தைராய்டு சோம்பிப்போய்விட்டது.

உனக்கு ஏற்கெனவே தைராய்டு மந்தம். அதைத் தட்டி எழுப்ப ஒரு மாத்திரை போடுகிறாய். பிறகு அதைத் தாலாட்டித் தூங்கவைக்க இன்னொன்றும் போடுகிறாய். இது உனக்கே சிரிப்பாக இல்லையா?

அம்மாவும் கடைசி வருஷம் முழுக்கக் "குளிருது, குளிருது" என்று உச்சி வெயிலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. அப்போது எனக்கு ஏழு வயது. படிக்கத் தெரியும், எதைப் படிக்க வேண்டும் என்று தெரியாது. இப்போது தெரியும்.

ஒரே ஒரு உதவி செய். ஒரு நோட்டு வாங்கி, தினமும் எழுந்ததும் உன் நாடியை ஒரு நிமிஷம் எண்ணி எழுதி வை. எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்பதையும் எழுது. ஏன் என்று இப்போது கேட்காதே.

உன் தங்கை

ஜூன் 21

ப்ரொபசர் அம்மாவுக்கு,

உன் எலிக்கதையைச் சாப்பாட்டு நேரத்துல எங்க ராத்திரி வேலை செட்டுக்கே படிச்சுக் காட்டினேன். பக்கத்துல நின்னு கோழிக்குஞ்சு எண்ணுறவ சொன்னா, "ஏண்டி, உன் தங்கச்சி உன்னை எலின்னு சொல்லிட்டா. அதைச் சொல்ல எவ்வளவு பேப்பர் செலவு பண்ணியிருக்கா பாரு!" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் அம்மா போர்வை பத்தி எழுதியிருந்த இடம் வந்துச்சு. மடிச்சு வச்சுட்டேன்.

நான் என்ன ஆசைப்பட்டா அந்த மாத்திரையைப் போடறேன்? பொரிப்பகத்துல எங்க வேலை உனக்குத் தெரியும். மெஷின்ல பொரிஞ்ச குஞ்சுங்களை ராத்திரியோட ராத்திரியா பிரிச்சு, எண்ணி, பெட்டியில அடைச்சு, விடியறதுக்குள்ள வண்டி ஏத்தணும். வெயில் ஏறினா பாதி செத்துப்போகும். அறை பூராவும் நீல விளக்குதான். அந்த வெளிச்சத்துல குஞ்சு கத்தாம அடங்கிக் கிடக்கும். நமக்குத்தான் அடங்காது. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் உள்ளே நீலமாவே எரியும்.

குளிச்சுட்டு, கறுப்புத் திரையை இழுத்து விட்டு, இருட்டுல ரெண்டு மாத்திரையையும் ஒரே மடக்குல முழுங்கிட்டுப் படுக்கறேன். டாக்டர் சொன்ன மாதிரி வெறும் வயித்துலதான். நடுராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வெறும் தண்ணியைத் தவிர எதையும் தொடறதில்ல. இதுல என்ன குத்தம் கண்டுபிடிச்ச?

ஆனா ஒண்ணு. நீ போனதுல இருந்து தூக்கம் சரியில்ல. சண்டை போட்டுட்டுப் போனியே, அந்த ராசியோ என்னவோ.

நோட்டு வாங்கிட்டேன். இன்னைக்கு நாடி 62. தூக்கம் நாலு மணி நேரம். போதுமா?

நீ பஸ் ஏறினப்போ நான் மாடி ஜன்னல்லதான் நின்னுட்டிருந்தேன். நீ திரும்பிப் பார்க்கல.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்கா,

திரும்பிப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் பார்க்கவில்லை.

நாடி எழுதியதற்கு நன்றி. தூக்கம் குறைந்ததைப் பற்றிப் பயப்படாதே, அது நான் எதிர்பார்த்ததுதான். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். உங்கள் நீல விளக்கைப் பற்றியும் புத்தகத்தில் இருக்கிறது. மெலடோனினை அதிகமாக அடக்குவது நீல வெளிச்சம்தானாம். குஞ்சுகளுக்கு அமைதி, உனக்கு விழிப்பு! இதை நான் வகுப்பில் சொன்னபோது உயிரியல் டீச்சர், "பரவாயில்லையே" என்று சொல்லி அதைக் கரும்பலகையில் எழுதினார்.

ஆனால் ஹாம்ஸ்டர் விஷயத்தில் அவர் என்னோடு ஒத்துப்போகவில்லை. "எலிக்கு ஆனது மனுஷிக்கும் ஆகணும்னு இல்லம்மா. அடுத்த அத்தியாயத்தைப் படிச்சியா?" என்று கேட்டார். நான் படிக்கவில்லை. பதினான்கு நாள் கெடு முடிந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேல் வகுப்பு அக்கா ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அதைத் தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது? டி.எஸ்.எச். என்று ஒரு எண் வருமே, அதை எனக்குக் கட்டாயம் எழுது. அந்த எண் குறைந்தால் உன் தைராய்டுக்கு நல்லது. குறையும், பார்.

உன் தங்கை

ஜூலை 17

ப்ரொபசருக்கு,

குறையல. போன தடவை 5. இப்போ 16.

டாக்டர் பேப்பரைப் பார்த்துட்டு, என்னைப் பார்க்காமலே, "மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா?" அப்படின்னார். போடறேன்னு சொன்னேன். "தினமுமா?" தினமும்தான் சார். "வேற ஏதாவது மாத்திரை சேர்த்துப் போடறீங்களா? இரும்பு, கால்சியம்?" இல்ல சார், தூக்கத்துக்கு நீங்க கொடுத்தது மட்டும்தான். "அப்போ இவ்வளவு ஏற நியாயமே இல்லையே"ன்னார். பொய் சொல்ற பிள்ளையை ஹெட்மாஸ்டர் பார்க்கற மாதிரி ஒரு பார்வை. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. தைராய்டு மாத்திரையை 75-ல இருந்து 125 மைக்ரோகிராம் ஆக்கிட்டார். ஆறு வாரம் கழிச்சு மறுபடியும் ரத்தம் எடுக்கணும்.

முகம் வீங்கியிருக்கு. குரல் தவளை மாதிரி ஆயிடுச்சு. இந்த வெயில்லயும் சட்டைக்கு மேல சட்டை போட்டுக்கறேன். சீப்புல வர்ற முடியைப் பார்த்தா பயமா இருக்கு. பகல்ல ரெண்டு மணி நேரம் தூங்கினா பெரிசு.

செவ்வாய்க்கிழமை ஒரு தட்டைக் கீழே போட்டுட்டேன். நூத்தம்பது முட்டை. கை மரத்துப் போச்சு, அவ்வளவுதான் தெரியும். சூப்பர்வைசர் கத்தக்கூட இல்ல. நோட்டை எடுத்து என் பேரை எழுதினார். "இன்னொண்ணு விழுந்தா உன்னைக் கழுவற இடத்துக்குப் போட்டுடுவேன், இல்லன்னா வீட்டுலயே இரு"ன்னார். வீட்டுல இருந்தா உன் விடுதி என்ன ஆகும்னு அவருக்குத் தெரியுமா?

உன்கிட்ட இதெல்லாம் எழுத வேணாம்னுதான் இருந்தேன். நீதான் நம்பரைக் கேட்ட.

நாடி 54.

அக்கா

ஜூலை 22
(தபாலில் போடவில்லை)

அக்கா,

உன் மாத்திரையை மாற்றி வைத்தது நான்தான்.

ஜூன் 4-ஆம் தேதி, நீ வேலைக்குப் போன பிறகு, புதிதாக வாங்கி வைத்திருந்த டப்பாவைத் திறந்து அறுபது தூக்க மாத்திரைகளையும் எடுத்துவிட்டேன். அவை என் பெட்டியில், பழைய காலுறைக்குள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக, மருந்துக் கடையில் வாங்கிய கால்சியம் மாத்திரைகளைப் போட்டு வைத்தேன். அவையும் வெள்ளை, அவையும் வட்டம். கொஞ்சம் பெரிது, ஆனால் நீ இருட்டில்தானே போடுகிறாய். எலும்புக்கு நல்லதுதானே, எந்தக் கெடுதலும் செய்யாத ஒன்றைத்தானே வைக்கிறோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு என்மேல் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் மெலடோனின் இல்லாமல் இருந்தால் உன் தைராய்டு விழித்துக்கொள்ளும், டி.எஸ்.எச். குறையும், அப்போது உனக்குச் சொல்லலாம் என்று திட்டம். எண் எதிர்ப்பக்கமாகப் போய்விட்டது. ஏன் என்று புரியவில்லை. ஒரு வேளை தூக்கம் போனதாலா? நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே தெரியாதபோது உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

டாக்டர் உன்னைப் பொய்க்காரியாகப் பார்த்தார். நீ அழுகையை அடக்கினாய். அந்த இடத்தை நான் பத்து தடவை படித்துவிட்டேன்.

இதை நாளைக்குப் போடுகிறேன்.

ஜூலை 22

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். நாடியை எண்ணுவதை விட்டுவிடாதே. தேர்வு நெருங்குகிறது, அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

உன் தங்கை

ஜூலை 28

அடியே,

மூணே வரி. உனக்கு உடம்பு சரியில்லையா? வரிக்கு வரி "ஏனென்றால்" போடற பொண்ணு நீ. விடுதியில யாராவது ஏதாவது சொன்னாங்களா? வார்டன் திட்டினாங்களா? எழுது.

நான் இருக்கேன். 125 போட ஆரம்பிச்சு பத்து நாளுக்கு மேல ஆச்சு, பெரிசா ஒண்ணும் மாறல. தூக்க மாத்திரை ஆகஸ்ட் மூணாம் தேதியோட தீருது, புது டப்பா வாங்கி வச்சுட்டேன். நாலாம் தேதியில இருந்து அது.

உண்மையைச் சொல்லட்டுமா? வாங்கறதுக்கு முன்னாடி கடை வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். நீ சொன்ன மாதிரி இதை நிறுத்திப் பார்க்கலாமான்னு தோணுச்சு. என் தங்கச்சி படிச்சவ, அவ சொன்னா ஏதாவது இருக்கும்னு. அப்புறம், தூங்காம செத்துடுவோம்னு பயந்து வாங்கிட்டேன்.

நாடி 56.

அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் சூப்பர்வைசர் உன்னிடம் சொல்லியிருப்பார். ஆனாலும் நானே எழுத வேண்டும். கூட வைத்திருக்கும் தாள், ஜூலை 22-ஆம் தேதி நான் எழுதிப் போடாமல் வைத்திருந்த கடிதம். அதை முதலில் படித்துவிட்டு இதற்கு வா.

படித்துவிட்டாயா?

இன்று சனிக்கிழமை. உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை நோட்டுகளை அடுக்கி வைக்க ஆசிரியர் அறைக்குப் போனேன். உயிரியல் டீச்சர் மேசையில் இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்று உன்னுடையதே, தைராய்டு. இன்னொன்று கால்சியம். அவருக்கும் தைராய்டு என்று இன்றுதான் எனக்குத் தெரியும்.

"டீச்சர், இதை ஏன் சாப்பிடாம வச்சிருக்கீங்க?"

"விடியக்காலைல ஒண்ணு போட்டாச்சு. இதை மத்தியானம்தான் போடணும்."

"ரெண்டையும் சேர்த்தே போட்டா வேலை முடிஞ்சுதே?"

"முடிஞ்சே போயிடும்! கால்சியம் அந்த மாத்திரையை வயித்துலயே பிடிச்சு வச்சுக்கும்மா, ரத்தத்துக்குள்ள போக விடாது. நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். என்னம்மா, ஏன் இப்படி நிக்கறே? நோட்டெல்லாம் விழுது பாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அக்கா. நீ ஏறக்குறைய அறுபது நாளாகத் தைராய்டு மாத்திரையையும் நான் வைத்த கால்சியத்தையும் ஒரே மடக்கில் விழுங்கியிருக்கிறாய். உன் மருந்தில் பெரும்பகுதியை நான் வைத்த மாத்திரை வழியிலேயே பிடித்து நிறுத்திவிட்டது. மெலடோனின் ஒரு பாவமும் செய்யவில்லை. அந்த மேல் வகுப்பு அக்காவிடம் கெஞ்சி, அடுத்த அத்தியாயத்தை மாடிப்படியில் நின்றபடி படித்தேன். மனிதர்களில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருக்கிறது. தைராய்டின் சில செல்களே கொஞ்சம் மெலடோனின் செய்துகொள்கின்றனவாம், அது தைராய்டைக் காக்கவும் கூடுமாம். இவ்வளவும் நான் மூடிவைத்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. நாளை மறுநாள் முதல் புது டப்பா. கால்சியம் இருக்காது. 125 முழுவதும் ரத்தத்துக்குள் போகும். அது அதிகமானால் இதயம் தாறுமாறாக ஓடும் என்று அதே புத்தகத்தில் இருக்கிறது. கடிதம் போனால் நாலு நாள் ஆகும். வார்டனிடம் போனேன். உன் போன் அணைந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாய், அல்லது தூங்க முயன்றுகொண்டிருந்தாய். அதனால் சாயங்காலம் பொரிப்பகத்து ஆபீசுக்குப் போட்டேன். சூப்பர்வைசர் எடுத்தார்.

"அக்கா டப்பால இருக்கறது தூக்க மாத்திரை இல்ல சார், கால்சியம். நான்தான் மாத்தி வச்சேன்."

"இரும்மா, இரு. பேனா எடுத்துக்கறேன். எதை மாத்தின?"

"மாத்திரையை சார்! 125 போட வேண்டாம்னு சொல்லுங்க, முதல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க! தட்டு விழுந்தது அக்கா தப்பு இல்ல சார், என் தப்பு!"

பின்னால் பதினைந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தித்தான் சொன்னேன். அங்கே மெஷின் சத்தம்.

மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. அது மிகச் சின்ன வார்த்தையாக இருக்கிறது.

உன் தங்கை

ஆகஸ்ட் 13

உனக்கு,

பத்து நாள் கழிச்சு எழுதறேன். முதல்ல எழுதின மூணையும் கிழிச்சுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி செட்டு நடுவுல சூப்பர்வைசர் வந்து ஒரு அட்டையை நீட்டினார். முட்டைத் தட்டுல தேதி எழுதி வைப்போமே, அந்த அட்டை. அவர் கையெழுத்து. "தங்கச்சி போன். பழைய டப்பா கால்சியம். 125 போடாதே, டாக்டரைப் பார். தட்டு உன் தப்பு இல்லையாம்." கடைசியில, "பொண்ணு அழுவுது." அதை நீ சொல்லச் சொல்லியிருக்க மாட்ட.

நோட்டுல இருந்த என் பேரை என் எதிர்லயே அடிச்சுட்டார். எனக்குச் சந்தோஷமா இல்ல. எங்க செட்டு முழுக்க இப்போ என்னைப் பாவமா பார்க்குது. குஞ்சு எண்ணுறவ மட்டும், "எலின்னு சொன்னா, சொன்ன மாதிரியே சோதனையும் பண்ணிட்டாளே"ன்னா. யாரும் சிரிக்கல.

டாக்டர்கிட்ட ரெண்டு டப்பாவையும் மேசை மேல வச்சேன். பழைய டப்பால மிச்சம் ஒரே ஒரு மாத்திரை. அவர் அதை விரல்ல உருட்டிப் பார்த்துட்டு, முதல் தடவையா என் முகத்தைப் பார்த்தார். "அன்னைக்கு உங்களை நான் நம்பல. தப்புதான்"ன்னார். 125 ஒரு நாள் போட்டா ஒண்ணும் ஆகாதாம். மாசக்கணக்குல போயிருந்தா இதயத்துக்கு ஆபத்தாம். மறுபடியும் 75. தூக்க மாத்திரையை அவர் நிறுத்தல. நல்லாத் தூங்கறேன். முகம் வத்த இன்னும் நாளாகும்.

இப்போ நான் சொல்றதைக் கேளு. மாத்திரை பெரிசா இருக்கேன்னு எனக்கு முதல் நாளே தோணுச்சு. கம்பெனி மாறியிருக்கும்னு விட்டுட்டேன். சந்தேகமே வரல. ஏன் வரணும்? வீட்டுல இருக்கறது நாம ரெண்டே பேரு.

உன்மேல கோபம் நீ தப்பா படிச்சதுக்கு இல்ல. என்கிட்ட கேட்கலையே, அதுக்கு. "அக்கா, ரெண்டு மாசம் அந்த மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா"ன்னு கேட்டிருந்தா, டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்தியிருப்பேன். நீ கேட்டு நான் எதை இல்லன்னு சொன்னேன்? அம்மாவை யாரும் தொட்டுப் பார்க்கலன்னு எழுதினியே. நீயும் என்னைத் தொட்டுப் பார்க்கல. என் டப்பாவைத்தான் தொட்ட.

நாடி நோட்டு இதோட வருது. நீ எழுதச் சொன்னதுல இருந்து ஒரு நாள் விடல. சண்டைன்னு விடல, காய்ச்சல்னு விடல. உன் படிப்புக்குத் தேவைப்படும்னுதான் எண்ணினேன். எதுக்குத் தேவைப்பட்டுச்சுன்னு இப்போ தெரியுது. நீயே வச்சுக்கோ.

மாத்திரை அலமாரிக்குப் பூட்டு வாங்கிட்டேன். விடுமுறைக்கு வரும்போது உனக்குத் தெரிஞ்சா போதும்னு எழுதறேன். சாவி என்கிட்டயே இருக்கும்.

காலுறைக்குள்ள இருக்கறதை இன்னைக்கே வார்டன்கிட்டக் கொடுத்துடு.

நோட்டுல கடைசிப் பத்துப் பக்கம் காலியா இருக்கு. இனிமே அதுல உன் நாடியை எண்ணி எழுதி எனக்கு அனுப்பு. ஏன்னு கேட்காதே.

அக்கா

ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்கா,

அறுபதையும் வார்டனிடம் எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

என் நாடி:

காலை எழுந்ததும் 78.

தபால்காரர் கொண்டுவந்த பொட்டலத்தில் உன் கையெழுத்தைப் பார்த்தபோது 104.

உன் நோட்டில் ஜூலை 17-ஆம் தேதிப் பக்கத்தில், 54 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், பென்சிலால் "அவகிட்ட சொல்லிப் பயமுறுத்த வேணாம்" என்று எழுதி, அழித்து, மறுபடியும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது எண்ண ஆரம்பித்தேன். முப்பது வரை வந்தது. அதற்குமேல் எண்ண முடியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஊகித்து எழுதவில்லை.

விடுமுறைக்கு நான் வரலாமா?

உன் தங்கை